சூசன் போனாள், தாமஸ் வந்தார்

அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். அதனோடு தொழில் தொடர்பு வைத்திருந்த இன்னொரு அலுவலகத்தின் வக்கீல் ஒருவர் இந்த அலுவலகத்து முதலாளியைப் பாராட்டினார். சூசனை வேலையைவிட்டு எடுத்தது நல்ல காரியம், அவளுக்குத் திறமை போதாது, புதிதாக வந்திருப்பவர் அருமையான ஆள் என்றார். புதிதாக வந்தவர் தாமஸ். உண்மையில் சூசனை யாரும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. சூசனாக இருந்தவர்தான் பாலின மாற்றத்துக்குப் பிறகு தாமஸ் ஆகியிருந்தார். படித்த சட்டம் அதே, அனுபவம் அதே, மூளை அதே. மாறியது பெயரும் தோற்றமும் குரலும்தான்.

தலைப்பை எழுதி முடித்த பிறகே கவனித்தேன்: சூசனுக்குப் 'போனாள்', தாமஸுக்கு 'வந்தார்'. ஆங்கிலத்தில் பேசிய அந்த வக்கீலுக்கு இந்த வசதி கிடையாது. இழிவையும் மரியாதையையும் அவர் தனித்தனிச் சொற்களில் ஏற்ற வேண்டியிருந்தது. நமக்கு வினைமுற்றின் கடைசி எழுத்தே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. தலைப்பை மாற்றவில்லை, அந்த வக்கீல் தமிழில் பேசியிருந்தால் அப்படித்தான் பேசியிருப்பார்.

இந்தச் சம்பவம் வெளியே தெரிந்தது கிறிஸ்டன் ஷில்ட் என்ற சமூகவியலாளரால். 2006-ல் 'ஜெண்டர் அண்ட் சொசைட்டி' ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையில் இது ஒரு சிறு பகுதி. பெயர்கள் இரண்டும் புனைபெயர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த களப்பணியில் கிடைத்தது. ஷில்ட் அதற்கு முன்பு எழுதியது முற்றிலும் வேறு விஷயங்களைப் பற்றி: 1990-களில் அமெரிக்கப் பெண்கள் நடத்திய 'ரயட் கேர்ள்' பங்க் இசை இயக்கம், பதின்ம வயதுப் பெண்கள் நகலெடுத்துக் கைமாற்றிக்கொண்ட கையெழுத்து இதழ்கள். அங்கிருந்து வேலையிடத்துக்கு வந்தவர், பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையில் பேராசிரியர் ஆனார். அவருடைய ஆய்வுகளையும், அதே காலத்தில் அதே கேள்வியோடு அமெரிக்க நீதிமன்றங்கள் பட்ட பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

தீராத ஒரு தகராறு

ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏன் என்பதில்தான் சண்டை. பொருளியலில் செல்வாக்குள்ள ஒரு பதில் 'மனித மூலதனம்'. படிப்பு, பயிற்சி, அனுபவம் இவற்றில் ஒருவர் எவ்வளவு போட்டாரோ அதற்கேற்பச் சந்தை கூலி தருகிறது. பெண்கள் வேறு படிப்பை எடுக்கிறார்கள், பிள்ளை பிறந்தால் இடையில் நின்றுவிடுகிறார்கள், நேரம் குறைந்த வேலையைத் தேடுகிறார்கள், ஆகவே கூலியும் குறைகிறது என்பது அதன் சாரம். இந்தக் கோட்பாட்டின் பெரிய பெயர் கேரி பெக்கர், 1992-ல் நோபல் பெற்றவர். படிப்பும் அனுபவமும் ஒன்றாகவே உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்து ஒப்பிட்டு, இன்னும் இடைவெளி இருக்கிறதே என்று காட்டினாலும் எதிர்த்தரப்பிடம் ஒரு விடை தயாராக இருக்கும்: உங்கள் கணக்கில் வராத ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கிறது. லட்சியமோ, பிடிவாதமோ, பேரம்பேசும் துணிச்சலோ. இல்லை என்று நிரூபிக்க வழியில்லை, ஏனென்றால் இரண்டு பேர் என்றால் இரண்டு பேர்தான்.

ஒரே ஆளைப் பெண்ணாகச் சில ஆண்டு, ஆணாகச் சில ஆண்டு வேலைக்கு அனுப்பிப் பார்த்தால் தகராறு தீரும். ஆய்வகத்தில் அது நடக்காது. ஆனால் வாழ்க்கையில் நடந்துகொண்டிருந்தது. ஷில்ட் கவனித்தது அதை.

ஒரு கொசுறு: பெக்கர் 1983 முதல் சிகாகோவில் பொருளியலோடு சமூகவியல் துறையிலும் பதவி வகித்தார். அவருடைய வாதத்தின் அடிக்கல்லை ஆட்டிப் பார்க்கிறவர் பிறகு வந்து உட்கார்ந்தது அதே துறையில்.

ஷில்ட் தென் கலிஃபோர்னியாவில் 29 திருநம்பியரிடம் நீண்ட நேர்காணல் எடுத்தார். பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்கிறவர்கள். (தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் காரணமாக 'திருநம்பி' இன்று ஏட்டிலும் ஏறிவிட்ட சொல்.) இவர்களில் ஒரு பகுதியினர் பழைய வேலையிலேயே இருந்துகொண்டு எல்லோருக்கும் தெரிய மாறியவர்கள். மற்றவர்கள் புதிய இடத்தில் ஆணாகவே போய்ச் சேர்ந்து, பழைய கதையை யாருக்கும் சொல்லாதவர்கள். இரண்டு வகையிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் மாற்றத்துக்குப் பிறகு வேலையிடத்தில் ஏதோ ஒரு அனுகூலம் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

என்ன அனுகூலம்? சம்பளச் சீட்டில் தெரிகிற வகை கொஞ்சம்தான். பெரும்பாலானவை காற்றுபோலச் சுற்றி இருப்பவை. சொன்னால் கேட்கிறார்கள். தெரியும் என்று நம்பிவிடுகிறார்கள். செய்த வேலைக்குப் பெயர் கிடைக்கிறது. உடம்பைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது. முன்பு ஒரு கருத்தைச் சொன்னால் ஆதாரம் கேட்டவர்கள், இப்போது கருத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எரிச்சலோடு சொன்னதன் சாரம் இது: ஆண்கள் எவ்வளவு சோம்பேறித்தனம் செய்தாலும் இங்கே தப்பித்துவிடுகிறார்கள், உழைக்கிற பெண்களை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை, ஆணாக மாறிய பிறகுதான் நான் முன்னைவிடப் பெரிய பெண்ணியவாதி ஆனேன். ஆய்வு முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அது. அனுகூலத்தை அனுபவிக்கிறவரே அதைப் பார்க்கவும் முடிவது அபூர்வம். ஆணாகவே பிறந்து வளர்ந்தவருக்கு ஒப்பிட முன்கதை இல்லை.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவாக அளக்கப்படவில்லை. உயரமான வெள்ளையர்களுக்கு அதிகம் கிடைத்தது. குட்டையானவர்களுக்கும் வெள்ளையரல்லாதவர்களுக்கும் குறைவு. ஹார்மோன் எடுக்கத் தொடங்கிய ஆரம்பத்தில் முப்பது வயதுக்காரர் மீசை அரும்பும் பையன்போலத் தெரிவார். பையனுக்கு எந்த அலுவலகத்திலும் மரியாதை இல்லை. கறுப்பினத்தவர் ஒருவர் தன் மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: எரிச்சலூட்டுகிற கறுப்புப் பெண்ணாக இருந்தேன், பயமுறுத்துகிற கறுப்பு ஆணாகிவிட்டேன். ஆக, கிடைப்பது 'ஆண்' என்பதற்கான கூலி மட்டுமில்லை. எந்த மாதிரி ஆண் என்பதற்கான கூலி. இந்தப் பகுதியை விட்டுவிட்டு ஷில்டை மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதிக் கட்டுரையைத்தான் படித்திருக்கிறார்கள்.

மனசு தெளிந்தால் வேலையும் தெளியாதா?

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் இருக்கிறது. தனக்கு ஒட்டாத உடம்பில் இருபது முப்பது வருடம் இருந்தவர், கடைசியில் தானாக வாழத் தொடங்கும்போது நிம்மதி வரும். நிம்மதி வந்தால் பேச்சில் உறுதி வரும். உறுதி வந்தால் மரியாதை தானாக வரும். அப்படியென்றால் மாறியது சக ஊழியர்களின் பார்வை இல்லை, அந்த ஆளே மாறிவிட்டார். நேர்காணல் தந்தவர்களிலேயே சிலர், இப்போது மனசு இலேசாக இருக்கிறது என்று சொல்லவும் செய்தார்கள்.

இந்த ஆட்சேபத்துக்குத் தாமஸின் கதை ஈடுகொடுக்கும். அந்த வக்கீல் தாமஸைப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை, சூசனுக்குத் திறமை இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னார். தாமஸின் நிம்மதி சூசனின் பழைய வேலையைக் கெடுத்திருக்க முடியாது.

இதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று அறிவியல் உலகில் இருக்கிறது. பென் பார்ரெஸ் ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் விஞ்ஞானி, 1997-ல் ஆணாக மாறியவர். மாற்றத்துக்குப் பிறகு அவர் ஒரு கருத்தரங்கில் பேசி முடித்ததும் கேட்டுக்கொண்டிருந்த விஞ்ஞானி ஒருவர், பார்ரெஸ் இன்று பிரமாதமாகப் பேசினார், அவர் வேலை அவருடைய சகோதரியின் வேலையைவிட எவ்வளவோ மேல் என்றாராம். சகோதரி என்று அவர் நினைத்தது, மாற்றத்துக்கு முன்பு பெண் பெயரில் எழுதிவந்த பார்ரெஸையே. அச்சில் உறைந்துபோன கட்டுரைகளுக்குத் தன்னம்பிக்கை ஏறுவதும் இறங்குவதும் கிடையாது. மாணவப் பருவத்தில் எம்.ஐ.டி.யில் வகுப்பே திணறிய ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியபோது, உன் காதலன் போட்டுத் தந்திருப்பான் என்று பேராசிரியர் சொன்னதையும் பார்ரெஸ் எழுதியிருக்கிறார். அறிவியலில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு உள்ளார்ந்த திறன் வித்தியாசமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் 2005-ல் பேசியதற்கு, 2006-ல் 'நேச்சர்' இதழில் பார்ரெஸ் எழுதிய பதில் அது. ஷில்டின் கட்டுரை வந்ததும் அதே ஆண்டில்தான். பார்ரெஸ் 2017-ல் காலமானார்.

அடுத்து எதிர்த்திசை. 2008-ல் ஷில்டும் பொருளியலாளர் மேத்யூ விஸ்வாலும் சேர்ந்து, திருநம்பியர், திருநங்கையர் இரு தரப்பிலும் மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான வருமானத்தைக் கேட்டு ஒப்பிட்டார்கள். ஆணாக மாறியவர்களின் சராசரி வருமானம் சிறிதளவு ஏறியிருந்தது. பெண்ணாக மாறியவர்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது. படிப்பும் அனுபவமும் ஒரு நாளில் கரைந்துபோகவில்லை, கூலி கரைந்தது. இன்னொரு விவரமும் கண்ணில் படுகிறது: திருநங்கையர் திருநம்பியரைவிடச் சராசரியில் சுமார் பத்து வருடம் தாமதமாக மாறியிருந்தார்கள். என்ன போகப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே அதைப் படிக்கத் தோன்றுகிறது.

இந்தக் கணக்கைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட முடியாது. கேட்டவர்களின் எண்ணிக்கை சிறியது. அமைப்புகளின் கூட்டங்களிலும் தெரிந்தவர்கள் வழியாகவும் தேடிப் பிடித்தவர்கள். வேலை போய் மூலையில் கிடப்பவர் இந்த வலையில் சிக்கமாட்டார். திருநங்கையின் வருமானம் விழுந்ததில் 'பெண்' என்பதற்கான தண்டனை எவ்வளவு, 'மாறியவர்' என்பதற்கான தண்டனை எவ்வளவு என்று பிரிக்கவும் முடியாது. திருநம்பியர் எல்லோரும் சொகுசாக இருக்கிறார்கள் என்ற முடிவுக்கும் யாரும் ஓடிவிடக் கூடாது. அமெரிக்கா முழுவதும் 6,450 மாறிய பாலினத்தவரிடம் எடுத்து 2011-ல் வெளியான கணக்கெடுப்பில் 26 சதவீதத்தினர் அடையாளம் காரணமாக வேலை இழந்ததாகச் சொன்னார்கள். அனுகூலம் என்பது வேலையில் நிலைத்தவர்களுக்கு, ஆணாகவே பார்க்கப்படுகிறவர்களுக்கு, அதிலும் சிலருக்கு.

ஷில்ட் 2010-ல் புத்தகமாக எழுதியபோது டெக்சஸையும் சேர்த்துக்கொண்டார். கலிஃபோர்னியாவில் 2004 ஜனவரி முதல் பாலின அடையாளத்தைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வது சட்டவிரோதம். டெக்சஸில் அப்படி மாநிலச் சட்டம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் அரவணைப்பு, மறுபக்கம் விரட்டு என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் டெக்சஸிலும் சக ஊழியர்கள் திருநம்பியரை 'நம்ம பசங்களில் ஒருத்தன்' என்று சேர்த்துக்கொண்ட அனுபவங்கள் கிடைத்தன. முதுகில் தட்டுவார்கள், ஆண்களுக்குள் மட்டும் பேசும் பேச்சில் இழுத்துக்கொள்வார்கள். பார்த்தால் பெருந்தன்மை. ஷில்ட் அதை வேறு விதமாகப் படிக்கிறார். எங்களோடு உட்கார்ந்து, எங்களைப்போலவே பேசு என்று ஒருவரை ஆண் வரிசைக்குள் உட்காரவைத்துவிட்டால், வரிசைகள் இரண்டுதான், அவற்றுக்குள் மேல்–கீழ் இயற்கையானது என்ற நம்பிக்கைக்கு எந்தச் சேதமும் வராது. ஒரு மனிதர் இடம் மாறினார், நாற்காலிகள் போட்டபடியே இருக்கின்றன.

நீதிமன்றம் அதே கேள்வியைக் கேட்டபோது

1964-ன் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, 'பால்' காரணமாக வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. 1984-ல் கேரன் உலேன் என்ற விமானி தோற்றார். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் அவரை நீக்கியது பெண் என்பதற்காக இல்லை, பெண்ணாக மாறியதற்காக. மாறியதைப் பற்றிச் சட்டம் பேசவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கதவு திறந்தது திருநர் அல்லாத ஒருவர் வழக்கில். ஆன் ஹாப்கின்ஸ், பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்கியல் நிறுவனத்தில் 1982-ல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்டவர். 88 பேரில் ஒரே பெண். நிறுவனத்தில் அப்போது 662 பங்குதாரர்கள், அதில் பெண்கள் 7. அமெரிக்க வெளியுறவுத் துறையிடமிருந்து சுமார் 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தவர் ஹாப்கின்ஸ். முடிவு வந்தபோது 47 பேர் பங்குதாரர், 21 பேர் இல்லை, ஹாப்கின்ஸ் உட்பட 20 பேர் பிறகு பார்க்கலாம். ஏன் என்று போய்க் கேட்டவருக்குக் கிடைத்த அறிவுரை: பெண்மையாக நட, பெண்மையாகப் பேசு, பெண்மையாக உடுத்து, முகப்பூச்சுப் போடு, தலையை அலங்கரி, நகை போட்டுக்கொள். பங்குதாரர்கள் எழுதித் தந்த கருத்துகளில் 'ஆண்போல அடாவடி' என்ற வகைச் சொற்கள் கிடந்தன. நளினப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். சமூக உளவியலாளர் சூசன் ஃபிஸ்க் வந்து, ஆண் இப்படி, பெண் இப்படி என்று முன்கூட்டியே வைத்திருக்கும் வார்ப்புகள் எப்படி மதிப்பீட்டில் புகுகின்றன என்று சாட்சி சொன்னார். 1989-ல் உச்ச நீதிமன்றம், பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற வார்ப்பை வைத்து ஒருவரை மடக்குவதும் பால் பாகுபாடுதான் என்றது. அதிகாரத்தோடு பேசினால் ஆணுக்குப் பதவி, பெண்ணுக்கு நளினப் பயிற்சி. தாமஸும் சூசனும் இந்த வழக்கில் முன்கூட்டியே வந்துபோயிருக்கிறார்கள்.

அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் டயான் ஷ்ரோயர். ராணுவத்தின் சிறப்புப் படையில் கர்னல், 25 ஆண்டுப் பணி. 2004-ல் ஓய்வுக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பயங்கரவாத ஆய்வாளர் வேலைக்கு டேவிட் என்ற பெயரில் விண்ணப்பித்தார். தேர்வில் முதலிடம், வேலை உறுதி. சேர்வதற்கு முன் மதிய உணவுக்கு வந்த அதிகாரியிடம், நான் பெண்ணாகத்தான் வேலைக்கு வருவேன் என்று சொல்லிப் பெண் உடையிலிருக்கும் புகைப்படங்களைக் காட்டினார். மறுநாள் தொலைபேசி வந்தது: வேலை இல்லை. ஒரே தன்விவரக் குறிப்பு, ஒரே ஆள், இடையில் ஒரு சாப்பாடு. ஷில்ட் ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்த ஒப்பீடு இங்கே இருபத்துநாலு மணி நேரத்தில் நடந்து முடிந்தது.

2008-ல் நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட்சன் எழுதிய தீர்ப்பில் ஓர் உவமை உண்டு. கிறிஸ்தவராக இருந்து யூதராக மாறிய ஊழியரை முதலாளி நீக்குகிறார். எனக்குக் கிறிஸ்தவரும் வேண்டியவர், யூதரும் வேண்டியவர், மதம் மாறுகிறவர்தான் பிடிக்காது என்கிறார். இது மதப் பாகுபாடு இல்லை என்று எந்த நீதிபதியாவது சொல்வாரா? பால் மாறுவதும் அப்படியே. உலேனை வீழ்த்திய தர்க்கத்துக்கு 24 வருடம் கழித்து இரண்டு பத்தியில் பதில். ஷ்ரோயருக்கு 2009-ல் 4,91,190 டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது.

2020 ஜூன் 15-ல் போஸ்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6–3 என்று முடிவை நாடு முழுவதற்குமாக்கியது. நீதிபதி கோர்சச் எழுதிய அளவுகோல் எளிது: அந்த ஊழியரின் பாலை மட்டும் மாற்றிப் போட்டுப் பார், முதலாளியின் முடிவு மாறுகிறதா? மாறினால் சட்டமீறல். சேர்ந்து விசாரிக்கப்பட்ட மூன்று வழக்குகளில் ஒன்று மிச்சிகனில் இறுதிச்சடங்கு நிலையம் ஒன்றில் வேலை பார்த்த ஏமி ஸ்டீவன்ஸுடையது. இனி பெண்ணாக வருவேன் என்று கடிதம் கொடுத்த இரண்டு வாரத்தில் 2013-ல் நீக்கப்பட்டவர். தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, மே 12-ல் அவர் இறந்துபோனார்.

பாலை மாற்றிப் போட்டுப் பார் என்பது கோர்சச்சுக்கு ஒரு சிந்தனைப் பயிற்சி. ஷில்டிடம் பேசியவர்களுக்கு அது திங்கள் காலை. சமூகவியலும் சட்டமும் ஒரே கணக்கை இரண்டு கரையில் நின்று போட்டிருக்கின்றன. ஆனாலும் விடை ஒன்றாக வரவில்லை என்பதுதான் நான் வந்து நிற்கிற இடம். ஷ்ரோயரும் ஸ்டீவன்ஸும் நீதிமன்றம் போக முடிந்தது, ஏனென்றால் அவர்களிடமிருந்து ஒன்று பறிக்கப்பட்டது. பறித்த நாளும் பறித்த கையும் தெரியும். தாமஸ் என்னவென்று வழக்குப் போடுவார்? என்னைப் புகழ்ந்தார்கள் என்றா? மேசையின் ஒரு பக்கத்தில் குவிந்த மரியாதை மறுபக்கத்தில் குறைந்ததுதான், ஆனால் கூடுதலாகப் பெற்றவருக்கு நஷ்டம் இல்லை, ஆகவே வாதியும் இல்லை. சரி, சூசன் போட்டிருக்கலாமே என்றால், சூசனாக இருந்தவரைக்கும் தனக்குக் கிடைக்காமல் போனது எது என்று அவருக்கே தெரியாது. தாமஸான பிறகுதான் தெரிந்தது.

தெரியாததற்கு வழக்கில்லை என்பதை லில்லி லெட்பெட்டர் பாடுபட்டுக் கண்டறிந்தார். அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் மேற்பார்வையாளர். சக ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் என்பது, பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு மூலமாகப் பணிக்காலத்தின் கடைசியில்தான் தெரிந்தது. சம்பளம் நிர்ணயித்த 180 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் 5–4-ல் திருப்பி அனுப்பியது. 2009-ல் அவர் பெயரிலேயே சட்டம் திருத்தப்பட்டது. அதுவும் சம்பளத்துக்குத்தான். கூட்டத்தில் யார் பேச்சைக் குறித்துக்கொண்டார்கள் என்பதற்குத் துண்டுச்சீட்டு அனுப்ப ஆளில்லை.

2025 ஜனவரி 20-ல் வந்த அதிபர் ஆணை பால் இரண்டே, அதுவும் மாறாதது என்று கூட்டாட்சி அரசின் கொள்கையாக அறிவித்தது. சில வாரங்களில், வேலைவாய்ப்புப் பாகுபாட்டு வழக்குகளை நடத்தும் ஆணையமே திருநர் சார்பில் தான் தொடுத்திருந்த வழக்குகளைக் கைவிடத் தொடங்கியது. போஸ்டாக் தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போகிற கை விலகிவிட்டது.

யார் ஆண், யார் பெண் என்று யார் சொல்வது

ஷில்ட், லாரல் வெஸ்ட்புரூக்குடன் 2014-ல் எழுதிய கட்டுரை இந்தத் திருப்பத்துக்குப் பத்தாண்டு முந்தியது, ஆனால் இப்போதுதான் எழுதியதுபோல் இருக்கிறது. ஒருவரை எந்தப் பாலில் சேர்ப்பது என்ற முடிவுக்கு ஒரே அளவுகோல் எங்கும் இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். இருபாலரும் கலந்திருக்கும் அலுவலகம் போன்ற இடத்தில், நான் இன்னார் என்று சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். கழிப்பறை, விளையாட்டுப் போட்டி என்று பிரித்துவைத்த இடத்துக்கு வந்ததும் உடம்பைக் கேட்கிறார்கள். அதிலும் ஆண்கள் பகுதி வாசலில் காவல் தளர்வு. பெண்கள் பகுதி வாசலில்தான் கெடுபிடி எல்லாம். பெண் பலவீனமானவர், ஆண் ஆபத்தானவர் என்ற பழைய நம்பிக்கை அங்கே வாட்ச்மேன் வேலை பார்க்கிறது. வேலைவாய்ப்புச் சட்டம் பற்றிய விவாதம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கழிப்பறைக்குப் போய்ச் சேர்வது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

அண்மை ஆண்டுகளில் ஷில்ட் போனது பழைய கோப்புகளுக்கு. 1958-ல் ஆக்னஸ் என்ற புனைபெயரில் அறியப்படுகிற 19 வயதுப் பெண் லாஸ் ஏஞ்சலஸில் மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டாலரிடம் வந்தார். சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் அவரிடம் மணிக்கணக்காகப் பேசி, 1967-ல் வந்த தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் எழுதினார். உடலில் பெண்மை தானாக வந்தது என்று ஆக்னஸ் சொன்னதை நம்பி மருத்துவர்கள் 1959-ல் அறுவை சிகிச்சை செய்தார்கள். 12 வயதிலிருந்து அம்மாவின் ஹார்மோன் மாத்திரையைத் திருடிச் சாப்பிட்டு வந்ததை ஆக்னஸ் சொன்னது பல வருடம் கழித்து. ஏமாற்றிவிட்டார் என்று சிலர் எழுதினார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் சிகிச்சை கிடைத்திருக்காது என்பதை எழுத மறந்தார்கள். 2011-ல் கார்ஃபிங்கல் இறந்த பிறகு, ஷில்டும் திரைப்பட இயக்குநர் சேஸ் ஜாய்ன்ட்டும் அவருடைய கோப்புகளில் தேடியபோது ஆக்னஸ் தனியாள் இல்லை என்று தெரிந்தது. அதே காலத்தில் பேட்டி கண்ட வேறு பலரின் பதிவுகளும் இருந்தன. அதிலிருந்து ஜாய்ன்ட் எடுத்த படம் 2022-ல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது.

ஆக்னஸின் கதையை எல்லோரும் அறுவை சிகிச்சை அறையிலிருந்து தொடங்குகிறார்கள். வேலையிடத்தை ஆராய்கிறவருக்கு அது இன்னும் முன்னால் தொடங்குகிறது. ஆக்னஸ் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தட்டச்சர். சேரும்போது மருத்துவப் பரிசோதனை உண்டு. மருத்துவர் வயிற்றுக்குக் கீழே பார்க்க வந்தால் கூச்சம் என்று மறுப்பது, அதற்கும் விடாவிட்டால் எழுந்து வெளியே போய்விடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனார். அதற்கு அவசியம் வரவில்லை. ஆனால் சிறுநீர் கேட்டார்கள். அங்கேயே கழிக்க முடியாது. இப்போது வரவில்லை, பிறகு கொண்டுவந்து தருகிறேன் என்று புட்டியோடு வெளியே வந்தார். சிறுநீரை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடுவார்களா என்பது அவருக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது. அறைத்தோழியிடம், எனக்குச் சிறுநீரகத்தில் லேசான கோளாறு, அது தெரிந்தால் வேலை தரமாட்டார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி, அவருடையதை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். வேலை கிடைத்தது.